கீழ்வீட்டுப் பெட்டி

டமார் என்று விழுந்தது இடி. ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. பேக்கரிக்காரர் வாய்க்குக் கொண்டுபோன தேநீர் சட்டையில் கொட்டியது.

"தலையிலேயே விழுந்த மாதிரி இருக்கு" என்று அவர் சட்டையை உதறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"போச்சுங்க. நெட் போச்சு."

"இடி இடிச்சா போகும். பத்து நிமிஷத்துல வந்துடும். என்னைக்கும் நடக்குறதுதானே?"

மாடி வீட்டில் இருந்த அந்த இரண்டு பேருக்கும் இது பழகிய சங்கதி. மின்னல் வெட்டினால் இணையம் போகும். வானம் அடங்கினால் தானாக வரும். இடிக்குப் பயந்து கம்பெனிக்காரர்களே லைனை நிறுத்தி வைக்கிறார்கள், எவ்வளவு பொறுப்பான ஆட்கள் பாருங்கள் என்று பேக்கரிக்கு ரொட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையடித்து வைத்திருந்தார்.

மணி ஒன்பது நாற்பது. அதிகாலை மூன்று மணிக்கு அடுப்படியில் நின்று, எட்டு மணிக்கு வீடு திரும்பி, இரண்டு முட்டையும் ஓரம் கருகியதால் விற்க முடியாமல் போன ரொட்டியும் தின்றுவிட்டுப் படுக்கப் போகிற நேரம் அவருக்கு. அவர் மனைவிக்கோ அது வேலை தொடங்குகிற நேரம்.

தெருவில் அவளுக்கு டைப் டீச்சர் என்று பெயர். இப்போது அவள் யாருக்கும் டைப் சொல்லித் தருவதில்லை. பயிற்சி நிலையத்தை மூடி வருஷங்கள் ஆகின்றன. ஒட்டிக்கொண்ட பெயர் மட்டும் போகவில்லை. இப்போது பார்க்கிற வேலைக்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்கே தெரியாது. காது கேளாத ஒருவர் எங்கோ ஓர் ஊரில் வகுப்பிலோ கூட்டத்திலோ உட்கார்ந்திருப்பார். அங்கே பேசுகிறவர்களின் பேச்சு டீச்சரின் காதுக்கு வரும். அதை அவள் அடிக்க அடிக்க, அவருடைய திரையில் எழுத்தாக ஓடும். பேசியவர் வாயை மூடுவதற்குள் வரி விழுந்தாக வேண்டும். நடுவில் விட்டுப் போனால் போனதுதான்.

இன்றைக்குப் பதினொரு மணிக்கு ஒரு பெண்ணுக்கு வாய்மொழித் தேர்வு. தேனீக்களைப் பற்றி நான்கு வருஷம் ஆராய்ச்சி செய்தவள். பிறவியிலேயே கேட்காது. பழகிப் பழகிப் பேச மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள். மூன்று பேராசிரியர்கள் மூன்று ஊர்களிலிருந்து கணினியில் கேள்வி கேட்பார்கள். டீச்சர் அடித்துக் காட்டினால்தான் கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். டீச்சர் வரவில்லையென்றால் தேர்வு இல்லை. மறுபடி அந்த மூன்று பேரையும் ஒரே நாளில் பிடிக்க ஆறு மாதம் ஆகலாம். அந்தப் பெண்ணுக்காக ஒரு கல்லூரி வேலையைப் பிடித்து வைத்திருந்தது. அது இந்த மாதக் கடைசி வரைக்கும்தான்.

பத்து நிமிஷம் போயிற்று. இருபதும் போயிற்று. இணையம் வரவில்லை.

டீச்சர் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டாள். பின்பக்கம் செருகியிருந்த நீல நிறக் கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினாள். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. ஆனால் அதன் பக்கத்தில் மினுக்க வேண்டிய சின்னப் பச்சை விளக்கு செத்துக் கிடந்தது. மேசைக்கு அடியில் புகுந்து, சுவரோரமாக ஓடுகிற கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"எலி கடிச்சிருக்குமா?" என்றார் பேக்கரிக்காரர்.

"எலி உங்க ரொட்டியே தின்ன மாட்டேங்குது. கேபிளையா தின்னப்போகுது?"

"நேரங்காலம் இல்லாம என் ரொட்டிய இழுக்காத. செல்போன்ல மாட்டிப் பாரேன்."

"இந்தக் கணினிக்குக் கம்பி இல்லாம நெட் வராதுங்க. எனக்கு வேலை குடுக்குற ஆபீஸ்லயும் கம்பி லைன்தான் வேணும்னு சட்டம். அதுவும் இல்லாம, நம்ம வீட்டுல செல்போன் பேசணும்னாலே ஜன்னல்ல தலைய வெளிய நீட்டணும்."

அப்படித்தான் தலையை வெளியே நீட்டி முதலில் ஆபீசைக் கூப்பிட்டாள். தனக்குப் பதிலாக உட்கார வேறு ஆள் இருக்கிறாரா என்று கேட்டாள். இருந்த இரண்டு பேரும் வேறு வேலையில் இருந்தார்கள். பத்து ஐம்பதுக்குள் இணைப்புக்கு வந்துவிடுங்கள் என்றார்கள். பிறகு இணையக் கம்பெனியைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"ரூட்டர் பெட்டியில எந்தெந்த லைட் எரியுது மேடம்?"

"பெட்டி இங்க இல்லம்மா. கீழ்வீட்டுல இருக்கு."

"சரி மேடம், கீழ போய்ப் பாத்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"போக முடியாதும்மா."

"வீடு பூட்டியிருக்கா மேடம்?"

"இல்ல. பேச்சுவார்த்தை இல்ல."



"பெட்டியோட பேச வேண்டாம் மேடம். சும்மா பாத்தாலே போதும்."

வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். "இடிக்காக நீங்க நிறுத்தின லைன்தானேம்மா, அதையே கொஞ்சம் சீக்கிரம் போட்டுவிடக் கூடாதா?" என்றாள்.

"இடிக்கு நாங்க எதுக்கு மேடம் நிறுத்தப்போறோம்? எங்க பக்கம் உங்க லைன் ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட நின்னதில்ல. இப்பவும் பெட்டிக்குப் போய்ட்டுதான் இருக்கு. பெட்டியிலிருந்து உங்க கம்ப்யூட்டருக்குப் போற கேபிள்தான் கழண்டிருக்கு. ஆள் அனுப்பறேன், சாயங்காலம் வருவாங்க."

டீச்சர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். பேக்கரிக்காரருக்குத் தூக்கம் பறந்தது.

"அப்படின்னா அவர் வேலைதான் இது! ஒவ்வொரு தடவையும் அவர்தான் புடுங்கிவிட்டிருக்கார். நானும் கம்பெனிக்காரன் நல்லவன், கம்பெனிக்காரன் நல்லவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்!"

அவர் என்றால் பேக்கரிக்காரரின் சொந்த அண்ணன். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். முப்பத்தைந்து வருஷம் மர அறுவை மில்லில் ரம்பத்தின் பக்கத்தில் நின்றவர். இடதுகைச் சுண்டுவிரலில் பாதியை ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் மில்காரர்.

மில்காரரின் மனைவி உயிரோடு இருந்தவரை இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. ஓரகத்திகள் இரண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்தார்கள். யார் என்ன கேட்டாலும் புருஷனுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் அந்த அக்கா. "எங்க அண்ணி அண்ணனை வாயத் தொறக்க விட்டதே இல்ல" என்று பேக்கரிக்காரர் கேலி செய்வார். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு மில்காரர் வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மாடிப்படி மேலே தண்ணீர்க் குழாய் வெடித்தது. படிக்கு அடியில் பேக்கரிக்காரர் வாங்கி அடுக்கியிருந்த ஆறு மூட்டை மாவு. அவர் மேலே குழாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வால்வை மூடு! அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். படியிலிருந்து ஐந்தடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு மில்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. மாவு கூழாகிப் படி வழியாக ஓடியது. நனைந்த சட்டையோடு இறங்கி வந்த பேக்கரிக்காரர், உடன்பிறந்தவனிடம் சொல்லக்கூடாத வார்த்தைகள் சிலவற்றை நேருக்கு நேர் சொன்னார். மில்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு உள்ளே போனார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு அறுந்தது. மிஞ்சிய ஒரே உறவு, ஒன்றாக இருந்த நாளில் கீழே வைத்த இணையப் பெட்டியிலிருந்து மேலே ஓடிய அந்த நீலக் கேபிள்.

மணி பத்து ஐந்து.

"நான் கீழ போறேன்" என்றாள் டீச்சர்.

"போய்க் கெஞ்சப் போறியா? எனக்கு மானம் போகும்."

"உங்க மானத்த அப்புறம் தேடிக்கலாம். நாலு வருஷம் தேனீகிட்ட கொட்டு வாங்கிப் படிச்ச பொண்ணு அங்க உக்காந்திருக்கா. நான் வரலைன்னா அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது."

அவள் இறங்கினாள். நான்கு படி இறங்கியதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சண்டை என்று வந்தால் தான் இல்லாமல் எப்படி என்று பேக்கரிக்காரரும் வந்துகொண்டிருந்தார்.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். பேக்கரிக்காரர் முன்னால் வந்து கதவு அதிரக் குத்தினார்.

"பாத்தியா? உள்ளதான் இருக்கார். வேணும்னே தொறக்க மாட்டேங்குறார்."

டீச்சர் பக்கத்து ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மில்காரர் தரையில் குப்புறப் படுக்காத குறையாகக் கிடந்தார். வாயில் ஒரு சின்ன டார்ச்சைக் கடித்திருந்தார். சுவரோரம் இருந்த ரூட்டர் பெட்டியின் முன்னால் நீலக் கேபிளின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மரம் தூக்கிக் காய்த்த கட்டை விரல்களால், தலைமுடி மாதிரி மெல்லிய எட்டுக் கம்பிகளை கண்ணாடி மாதிரி இருந்த ஒரு பிளாஸ்டிக் செருகிக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை நுழைத்தால் இன்னொன்று வெளியே வந்தது. நெற்றி வியர்வை பெட்டிமேல் சொட்டியது. அதை அவசரமாகத் துடைத்தார்.

டீச்சரின் நிழல் அறைக்குள் விழுந்தது. அவர் நிமிர்ந்தார். டார்ச் வாயிலிருந்து விழுந்து உருண்டது. எழுந்து வந்து கதவைத் திறந்தார். திருட்டில் அகப்பட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"உனக்கு வேலைக்கு நேரமாச்சு, தெரியும்மா. என்னால ஆகல. புடுங்கும்போது நுனியில இருக்குற அந்தப் பூட்டு நாக்கு ஒடிஞ்சுபோச்சு. அழுத்திப் புடிச்சேன், கம்பியெல்லாம் கையோட வந்துடுச்சு."

"எதுக்கு மாமா புடுங்குனீங்க?"

மில்காரர் அவள் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"போன வருஷத்துக்கு முந்தின மழையில மின்னல் எறங்கி என் டிவி கருகிப்போச்சு. இந்தக் கம்பி வழியா ஏறி மேல போனா உன் மிஷின் என்னத்துக்கு ஆகும்? அதுலதானே நீ பொழைக்குற. அதான் வெளிச்சம் வெட்டுனா கழட்டிடுவேன். வானம் தெளிஞ்சா மாட்டிடுவேன்."

"பெட்டியை அப்படியே விட்டுடுவீங்களா?"

"பெட்டி கம்பெனிக்காரனோடது. போனா அவன் குடுப்பான்." கொஞ்சம் யோசித்து, கூச்சத்தோடு சேர்த்துக்கொண்டார். "இந்தப் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்தா மேல நீ வேலை பாக்குறேன்னு அர்த்தம். அணைஞ்சா நீ எழுந்து சாப்பிடப் போயிட்டேன்னு அர்த்தம். பொழுது போகாதப்ப பாத்துக்கிட்டு இருப்பேன்."

 இரண்டு வருஷத்தில் எத்தனை மழை, எத்தனை இடி! அத்தனைக்கும் இந்த மனிதர் தரையில் முழங்கால் போட்டிருக்கிறார். மேலே அவர்கள் கம்பெனிக்காரனை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பேக்கரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. படிக்கட்டுச் சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மணி பத்து இருபது. கண்ணீருக்கெல்லாம் நேரமில்லை.

டீச்சர் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். விளக்குகள் சரியாக எரிந்தன. அறுந்தது நுனி மட்டும்தான். அதை மறுபடி பொருத்தத் தனி இடுக்கி வேண்டும், புதுச் செருகி வேண்டும். இரண்டும் கம்பெனி ஆளிடம்தான் இருக்கும். அவன் சாயங்காலம் வருவான். மேலே அலமாரியில் முழ நீளக் கேபிள் ஒன்று புதுசாகச் சுருண்டு கிடக்கிறது. பெட்டியிலிருந்து மாடிக்கு அது எட்டாது.

"ஏங்க, இங்கிருந்து மேல எட்டலைன்னா என்ன? மேல இருக்கிறதைக் கீழ கொண்டுவந்துட்டா?"

"என்னது?"

"கணினியைத் தூக்கிட்டு வாங்க. இங்கேயே வச்சு அடிக்கிறேன்." பிறகுதான் நினைவு வந்து மில்காரரைப் பார்த்தாள். "வரலாமா மாமா?"

மில்காரர் சாப்பாட்டு மேசைமேல் இருந்த மருந்து, தண்ணீர்ச் செம்பு, பழைய நாளிதழ் எல்லாவற்றையும் ஒரே வாரில் வாரிக் கட்டிலில் போட்டார். மேசையை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளினார்.

அடுத்த கால்மணி நேரம் படியில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஆயிற்று. ஆட்கள் மூன்று பேர்தான். முதலில் திரை வந்தது. பிறகு விசைப்பலகையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு டீச்சர் வந்தாள். கடைசியில் பேக்கரிக்காரர் கணினிப் பெட்டியை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, காலடி தெரியாமல் தடவித் தடவி இறங்கினார். படிக்குக் கீழே நின்று மில்காரர் மில்லில் மரம் இறக்குகிற மாதிரியே கையை அசைத்தார். உள்ளங்கை கீழே என்றால் மெதுவாக. முஷ்டி என்றால் நில். இரண்டு விரல் என்றால் இடதுபக்கம். ரம்பம் ஓடுகிற இடத்தில் வாய்ப்பேச்சுக்கு வேலையில்லை, மில் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பாஷை தெரியும். தம்பிக்கும் சின்ன வயசில் அண்ணனுக்குச் சோறு கொண்டுபோய்ப் பழகியது மறக்கவில்லை. முஷ்டிக்கு நின்றார், இரண்டு விரலுக்கு நகர்ந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் சொல்லுக்குத் தம்பி கட்டுப்பட்டது அப்போதுதான். ஒரு வார்த்தை பேசாமலேயே.

டீச்சர் குட்டைக் கேபிளைச் செருகினாள். ஒருமுனை பெட்டியில். டக். மறுமுனை கணினியில். டக்.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கியது. அணைந்தது. பிறகு படபடவென்று கண்ணடிக்கத் தொடங்கியது.

"வந்துடுச்சு" என்றார் மில்காரர், ஏதோ ஊரிலிருந்து பெண் வந்து இறங்கிய மாதிரி.

பத்து நாற்பத்தெட்டுக்கு டீச்சர் காதில் ஹெட்போனை மாட்டினாள். ஜன்னல் வழியாக ஈரக் காற்று வந்தது. தனக்கு இருந்த ஒரே மெத்தை நாற்காலியை மில்காரர் அவளுக்குக் கொடுத்துவிட்டு முக்காலியைப் பின்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பேக்கரிக்காரர் அடுப்படிப் பக்கம் சுவரோடு சாய்ந்து நின்றார்.

தேர்வு தொடங்கியது. அறையில் விசைகளின் சடசடப்பைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. பேச்செல்லாம் டீச்சரின் காதுக்குள்ளேதான். ஆனால் திரையில் அது வரிவரியாக விழுந்துகொண்டிருந்தது.

'முதல் கேள்வி. கூட்டின் வாசலில் நிற்கும் தேனீ, தன் கூட்டத்தாரை எப்படி அடையாளம் காண்கிறது?'

அந்தப் பெண் பேசினாள். அதையும் டீச்சர் அடித்தாள். யார் பேசினாலும் அடிப்பதுதான் விதி. முதல் பத்து நிமிஷம் பெண்ணின் பதில்கள் தயங்கித் தயங்கி வந்தன. பிறகு வேகம் பிடித்தன. கேள்வி விழுந்த கையோடு பதில் வந்தது. மூத்த பேராசிரியர் ஒரு கட்டத்தில் கேட்டார்.

'இந்த ஆராய்ச்சியில் உங்களை எத்தனை முறை தேனீ கொட்டியது?'

'முன்னூற்றுப் பதினொன்று சார். தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். கடைசியில் இணைப்பாகச் சேர்க்கிறேன் என்றேன். என் வழிகாட்டிதான் வேண்டாம் என்றார்.'

முக்காலியில் மில்காரர் குலுங்கிச் சிரித்தார். டீச்சருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓரகத்தி போனதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. அவர் உதடுகள் ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தன. ஒரு வரி விடவில்லை. கேள்வி கடினமாக இருந்தால் புருவத்தை நெரித்தார். பதில் வந்ததும் தொடையில் தட்டிக்கொண்டார். வாழ்நாளில் இவ்வளவு ஆசையாக அவர் எதையும் படித்திருப்பாரா என்று தோன்றியது.

பன்னிரண்டே காலுக்கு மூத்த பேராசிரியர், 'வாழ்த்துகள், டாக்டர்' என்றார்.   கடைசியாக அந்தப் பெண் பேசினாள். டீச்சர் அடித்தாள்.

'இதை அடித்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு நன்றி. இன்று யாரும் எனக்காக இரண்டாவது தடவை எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.'

தனக்குச் சொன்ன நன்றியைத் தானே எழுத்தெழுத்தாக அடித்து முடித்துவிட்டு டீச்சர் ஹெட்போனைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மில்காரர் முக்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டு அந்தக் கடைசி வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரோரமாக நின்ற பேக்கரிக்காரர் இரண்டடி முன்னால் வந்தார். அண்ணனின் முகத்துக்கு எதிரே போய் நிற்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. முதுகுக்குப் பின்னாலேயே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணே... அன்னைக்கு நான் வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். நீ எங்களுக்காக இவ்வளவு பாத்திருக்க. மனசுல வச்சுக்காதண்ணே. இனிமே மேலயே வந்து சாப்பிடு."

முதுகு அசையவில்லை.

பேக்கரிக்காரர் கொஞ்சம் காத்திருந்தார். அவர் முகம் சுண்டிப்போனது. 'பார்த்தாயா, இன்னும் அதே ஆள்தான்' என்பது போல மனைவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு வாசலுக்குத் திரும்பினார். டீச்சர் புருஷனையும், அவருக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்த அந்த முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் பார்வை போன திசையை மில்காரர் கவனித்தார். விசைப்பலகையை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன் கண்ணு அங்க போகுது, பின்னால நின்னுக்கிட்டு தம்பி ஏதோ சொல்றான் போல. அந்தப் பொண்ணுக்கு அடிச்ச மாதிரி எனக்கும் அதைக் கொஞ்சம் இதுல அடிச்சுக் காட்டும்மா."